புள்ளிக் கோட்டால் வந்த மகனுக்கு

மகன்,

நேற்று நீ தொலைபேசியில், "கலியாணம் முடியட்டும் சின்னம்மா, பிறகு ஆறுதலாச் சொல்லுறன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். சித்தப்பா பேப்பருக்குப் பின்னாலிருந்து, "என்னவாம்?" என்று கேட்டார். "உங்கடை மகனுக்குப் புத்தி கூடிப்போச்சு" என்றேன். அவர் பேப்பரை இன்னும் உயர்த்திப் பிடித்தார். நான் உன்னை 'உங்கடை மகன்' என்று சொல்லும் நாட்களில் எனக்கு முன்னால் வராமல் இருப்பது நல்லது என்று அவருக்குத் தெரியும். தொலைபேசியில் உன்னோடு சண்டை பிடிக்க ஏலாது. உனக்கு எப்போதும் ஒரு ஷிப்ட் இருக்கும், ஒரு ரயில் வந்துகொண்டிருக்கும். கடிதத்தை அப்படி இடையில் வைக்க முடியாதே. அதனால்தான் எழுதுகிறேன். இதை மாலினி வாசித்தாலும் சம்மதம், பிளேஸ்டோவில் இருக்கும் அவளுடைய அம்மா அப்பா வாசித்தாலும் சம்மதம். ஒளித்து வைப்பதற்காக நான் எழுதவில்லை. ஒளித்து வைத்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும், அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். உன் ரத்தத்தில் தலசீமியாவின் கூறு இருக்கிறது. என்னிலும் இருக்கிறது, சித்தப்பாவிலும் இருக்கிறது. அது நோய் இல்லை. நீ பந்து விளையாடுகிறாய், இரவு பகலாக வேலை செய்கிறாய், மூன்று பேரின் சோற்றைச் சாப்பிடுகிறாய். ஆனால் மாலினிக்கும் அதே கூறு இருந்தால், உங்களுக்குப் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு ஆபத்து இருக்கிறது. அந்தப் பிள்ளை மாதா மாதம் பிறருடைய ரத்தத்தை ஏற்றித்தான் வளர வேண்டியிருக்கும். அவளுக்கு இருக்கிறதா இல்லையா என்று பார்க்க ஒரு சின்னக் குப்பி ரத்தம் போதும். குடும்ப டொக்டர் ஜிபியிடம் போனால் ஒரு சதம் இல்லாமல் எடுத்து அனுப்புவார். நீ உன் பர்சில் அந்த நோயின் பேர் போட்ட அட்டையை வைத்துக்கொண்டு, கலியாணத்துக்குப் பிறகு சொல்கிறேன் என்கிறாய். "இப்ப சொன்னால் அவையள் பயந்திடுவினம், எல்லாம் குழம்பிப்போம்" என்கிறாய். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கலியாணம் செய்யலாம் என்று சொன்ன மனிசன் ரத்தம் சோதிக்கிற காலத்தில் இருக்கவில்லை, மகன்.

நான் பொய் சொன்ன கதை உனக்குத் தெரியும். ஆனால் உனக்குத் தெரிந்தது பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குத் தெரிந்த பக்கம். என் பக்கத்தை நான் ஒருநாளும் உனக்கு முழுதாகச் சொன்னதில்லை.

உன் அப்பா காய்ச்சலில் போன பிறகு அக்கா உன்னை எங்களோடு அனுப்பினா. வளர்ந்து வரும் ஆண்பிள்ளைகளை யாழ்ப்பாணத்தில் வைத்திருக்கத் தாய்மார் பயந்த காலம். அக்காவால் வர முடியவில்லை, எங்கள் ஐயா படுக்கையில் இருந்தார். எங்களுக்குக் கலியாணம் முடித்துப் பல வருஷமாகப் பிள்ளை இல்லை. லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் அதிகாரி ஒருவன் உன்னைக் காட்டி என்ன கேட்டான் என்று எனக்கு அப்போது சரியாக விளங்கவுமில்லை. சித்தப்பா, "ஓம், எங்கடை மகன்" என்றார். அது எழுத்தில் ஏறிவிட்டது. நான் அதைப் பொய் என்று அன்றைக்கு நினைக்கவே இல்லை. அக்காவின் பிள்ளை எனக்கு மகன்தான், எங்கள் முறையில் அதற்கு வேறு சொல்லே கிடையாது. ஆனால் ஈஸ்ட் ஹாமில் எங்களோடு வாடகை வீட்டைப் பகிர்ந்திருந்த சிவம் அண்ணைதான் அது எவ்வளவு பெரிய பொய் என்று விளங்கப்படுத்தினார். உண்மை தெரிந்தால் பெடியனை விமானத்தில் ஏற்றிவிடுவார்கள் என்றார். அன்றையிலிருந்து வீட்டுக்குள் நான் உனக்குச் சின்னம்மா, வாசலைத் தாண்டினால் அம்மா. நீ ஒருநாளும் பிழைவிட்டதில்லை. கதவடியில் சப்பாத்து மாட்டும்போதே உன் வாய் மாறிவிடும். மீன் கடையில் நீ "அம்மா" என்று கூப்பிடும்போது எனக்கு வரும் சந்தோஷத்தை நினைத்து நானே வெட்கப்பட்டிருக்கிறேன். அக்கா பெற்ற பிள்ளையின் வாயிலிருந்து களவெடுத்த சொல் அது.

எண்பத்தேழாம் ஆண்டு எனக்கு வயிற்றில் தங்கியது. சித்தப்பா அன்றைக்கு மனோர் பார்க்கில் இருந்து வீடு வரை பஸ் ஏறாமல் நடந்தே வந்தார். ஏன் என்று கேட்டதற்கு, "இருக்க மனம் வரேல்லை" என்றார். ஜிபி எங்களைப் பிள்ளைப்பேற்றுக் கிளினிக்குக்கு அனுப்பினார். அங்கே ஒரு மிட்வைஃப் சிரித்த முகத்தோடு, "முதல் பிள்ளையா?" என்று கேட்டாள். சொல்லு பார்ப்போம், நான் என்ன பதில் சொல்ல? கடதாசியில் எனக்குப் பன்னிரண்டு வயதில் ஒரு மகன் இருக்கிறான். "இரண்டாவது" என்றேன். அதோடு விட்டாளா? முதல் பிள்ளை எப்படிப் பிறந்தது, எவ்வளவு நேரம் நோவு, என்ன நிறை, பால் குடித்ததா என்று வரிசையாகக் கேட்டாள். நீ பிறந்தபோது நான் அக்காவின் காலடியில் நின்றவள். அக்கா பட்டதை எல்லாம் நான் பட்டதாகச் சொன்னேன். எந்த இடத்தில் பல்லைக் கடித்தேன், நீ எப்படி அழாமல் பிறந்து பிறகு ஊரைக் கூட்டினாய், எல்லாம். சித்தப்பா பக்கத்திலிருந்து, "நோர்மல், நோர்மல்" என்று தலையாட்டினார். வெளியே வந்ததும் அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "நல்லாப் பெத்தனீர்" என்றார். நானும் சிரித்தேன்.

அந்தக் கிளினிக்கில் எல்லோருக்கும் எடுப்பதுபோல எனக்கும் ரத்தம் எடுத்தார்கள். அதில்தான் இந்தத் தலசீமியாக் கூறு தெரிந்தது. ஊரில் என்னைச் சோகைக்காரி என்று சொல்லி, முருங்கையிலையும் இரும்புக் குளிசையும் தந்தே வளர்த்தார்கள். இரும்புக் குறைவே இல்லையாம், அது ரத்தத்தின் பிறவிக் குணமாம். உடனே சித்தப்பாவையும் கூப்பிட்டார்கள். அவருக்கும் அதே. பிறகு எங்களை மத்திய லண்டனில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். பரம்பரையாக வரும் நோய்களைப் பற்றி விளக்கம் சொல்வதற்கென்றே ஒரு நர்ஸ் அங்கே இருந்தாள். மரியா. உனக்கு ஞாபகம் இருக்கும், சைப்ரஸ்காரி, கழுத்தில் சிலுவை, சந்தையில் மீன் விற்பவளின் குரல். எங்கள் ஆங்கிலம் காணாது என்று நாங்கள் உன்னைப் பள்ளிக்கூடத்தால் மறித்துக் கூட்டிக்கொண்டு போனோம். இந்த ஊருக்கு வந்த எங்கள் சனம் எல்லாம் செய்த வேலைதான் அது, பிள்ளையின் நாக்கில் ஏறி அரசாங்கக் கந்தோர்களுக்குப் போவது.

மரியா பெரிய கடதாசியை விரித்து எங்கள் குடும்பத்தைக் கீறத் தொடங்கினாள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். கலியாணத்துக்கு முன்பே நீங்கள் சொந்தமா என்று கேட்டாள். நீ அதை மொழிபெயர்த்ததும் சித்தப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "மாமன்ரை மகன் நான், மச்சாளை முடிக்காமல் வேறை ஆரை முடிக்கிறது? கேட்டுச் சொல்லு" என்றார். நீ அதை எப்படிச் சொன்னாயோ தெரியாது, அவள் விழுந்து விழுந்து சிரித்து, எங்கள் ஊரிலும் இப்படித்தான் என்றாள். எங்கள் இருவருக்கும் இடையில் ஒரு கோட்டுக்குப் பதிலாக இரட்டைக் கோடு கீறினாள். சொந்தத்துக்குள் முடித்தவர்களுக்கு அந்த அடையாளம். சித்தப்பா அதை இன்றைக்கு வரைக்கும் பாசம் கூடியவர்களுக்குப் போடும் கோடு என்றுதான் வைத்துக்கொண்டிருக்கிறார். பிறகு அந்த இரட்டைக் கோட்டிலிருந்து நேரே கீழே ஒரு கோட்டை இழுத்து, ஒரு சதுரம் போட்டு, உன் பெயரை எழுதினாள். நீ அந்தச் சதுரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். "நல்ல காலம் உங்களுக்கு ஒரு மகன் இருக்கிறான்" என்றாள் மரியா. அதையும் நீதான் எனக்குத் தமிழில் சொன்னாய்.

அது ஏன் நல்ல காலம் என்பதையும் அவள் விளங்கப்படுத்தினாள். வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு நோய் இருக்கிறதா என்று, நச்சுக்கொடியிலிருந்து ஒரு துணுக்கு எடுத்துப் பார்க்கலாம். ஆனால் அந்தக் காலத்தில் அதை நேரே வாசித்துச் சொல்ல எங்கள் விஷயத்தில் அவர்களால் முடியவில்லை. எங்கள் ஒவ்வொருவரிலும் அந்தக் கூறு இரண்டு பக்கமாக இருக்கிறதாம், ஒரு பக்கம் நல்லது, ஒரு பக்கம் பழுது. எந்தப் பக்கம் எது என்று தெரிய வேண்டுமானால் குடும்பத்தில் இன்னொருவரின் ரத்தத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும். ஏற்கெனவே பெற்ற பிள்ளை இருந்தால், தாயிடமிருந்து எது வந்தது, தகப்பனிடமிருந்து எது வந்தது என்று அந்தப் பிள்ளையில் பிரித்துப் பார்த்துவிடலாம். அதை வைத்துத்தான் வயிற்றுப் பிள்ளைக்குத் தீர்ப்புச் சொல்வார்கள். அடுத்த கிழமை மகனையும் கூட்டி வாருங்கள் என்றாள்.

ரயிலில் வரும்போது சித்தப்பா, "சின்ன ஊசிதானே, குடுத்திட்டுப் போவம்" என்றார். நான் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு எங்கோ இடித்தது, ஆனால் எங்கே என்று சொல்லத் தெரியவில்லை. வீட்டில் சிவம் அண்ணையிடம் கேட்டோம். அவர் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "வாயைத் திறவாதேங்கோ தங்கச்சி. ஆஸ்பத்திரி, கவுன்சில், விசா தாற ஹோம் ஒபிஸ், எல்லாம் ஒரே கவுண்மெந்து. இஞ்சை இருமினால் அங்கை கேக்கும். ரத்தத்தைக் குடுத்திட்டுப் பேசாமல் இருங்கோ." அவரைக் குறை சொல்லாதே. ஒரு கந்தோரில் சொன்னது இன்னொரு கந்தோருக்குப் போய், அங்கிருந்து இராணுவத்துக்குப் போன நாட்டிலிருந்து வந்த மனிசன் வேறு எப்படி நினைப்பார்? நாங்கள் எல்லோரும் அப்படித்தான் நினைத்தோம். இந்த நாட்டில் கையில் ஊசியோடு வருபவளும் ஒன்றுதான், சீல் குத்துபவனும் ஒன்றுதான் எங்களுக்கு.

அப்போதுதான் நீ குசினிக்குள் வந்தாய். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். "சின்னம்மா, நான் ரத்தம் குடுத்தால் பிழையாப் போகும்" என்றாய். ஏன் என்று கேட்டேன். "நான் உங்கடை வயித்திலை பிறக்கேல்லை. என்னிலை சித்தப்பான்ரை ஒண்டும் இல்லை. அவையள் இருக்கெண்டு நினைச்சுத் தேடுவினம். பிறகு பேபிக்கு வருத்தம் இருந்தாலும் இல்லையெண்டு சொல்லிப்போடுவினம்." மரியா சொன்னதைத் தமிழில் சொன்னவன் நீதானே, எங்களைவிட உனக்குத்தான் அது விளங்கியிருந்தது. சித்தப்பா உன்னைப் பேசாமல் இருக்கச் சொன்னார். நீ இருக்கவில்லை. "உண்மையைச் சொல்லுங்கோ" என்றாய். "சொன்னால் உன்னை அனுப்பிவிடுவாங்கள், விளங்குதோ?" என்று நான் கத்தினேன். நீ, "ஓம், தெரியும்" என்றாய். அவ்வளவுதான். போய்த் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்துகொண்டாய்.

மகன், நான் அந்த ஒரு கிழமை பட்ட பாட்டை எப்படி எழுதுவேன்? ஒரு பக்கம் பல வருஷம் கோயில் கோயிலாய் ஏறி இறங்கி வயிற்றில் தங்கிய பிள்ளை. மறு பக்கம் நீ. உண்மையைச் சொன்னால் உன்னை இழந்துவிடுவேன், சொல்லாவிட்டால் அந்தப் பிள்ளைக்கு ஒரு பொய்த் தீர்ப்பு வரும். சோதனையே வேண்டாம் என்று விட்டுவிடலாமா என்று சித்தப்பா கேட்டார். அவருக்கு உன்னை விட மனமில்லை, வெளியில் சொல்லமாட்டார், அவ்வளவுதான். பிள்ளைக்கு நோய் என்று தெரிந்தால் என்ன செய்வது என்றும் இருவரும் கதைத்தோம். ஒரு நாள் ஒன்று சொல்வோம், அடுத்த நாள் வேறொன்று. முடிவு வரவே இல்லை. ஆனால் எது செய்தாலும் உண்மை தெரிந்து செய்ய வேண்டும் என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகம் வரவில்லை. அதை நீ சொல்லித்தந்தாய். இழக்கப் போகிறவன் நீ, நீயே உண்மையைச் சொல் என்கிறாய், பிறகு நான் எந்த முகத்தோடு வாயை மூடிக்கொண்டிருப்பது?

அந்த வெள்ளிக்கிழமை உன்னைப் பள்ளிக்கூடத்துக்குப் போகவேண்டாம், வீட்டில் இரு என்று சொல்லிவிட்டுத் தனியாகப் போனேன். சித்தப்பாவையும் கூட்டிப் போகவில்லை, அவர் வந்தால் "நோர்மல், நோர்மல்" என்று சொல்லிவிடுவார் என்று பயம். ரயில் வெஸ்ட் ஹாமுக்கு வரும்வரை ஆங்கிலத்தில் வசனம் சேர்த்துப் பார்த்தேன், அதற்குப் பிறகு எல்லாம் மறந்துவிட்டது. மரியாவுக்கு முன்னால் இருந்ததும் அந்தக் கடதாசியில் உன் சதுரத்தின் மேல் விரலை வைத்து, "நொட் மை பேபி. மை சிஸ்டர்ஸ் பேபி. மை சன்" என்றேன். வேறு ஆங்கிலம் எனக்கு வரவில்லை. பிறகு அழுகை வந்தது. ஹோம் ஒபிஸ், ஹோம் ஒபிஸ் என்று மட்டும் சொன்னேனாம், பின்னால் ஒருநாள் மரியாதான் சொல்லிச் சிரித்தாள்.

அவள் எழுந்து கதவைச் சாத்தினாள். சிவம் அண்ணை சாத்தியதுபோல அல்ல. என் பக்கத்துக் கதிரையில் வந்திருந்து, நான் விளங்கும்வரை திரும்பத் திரும்பச் சொன்னாள். இந்த அறையில் சொல்வது இந்த அறையோடு. ரத்தம் எடுப்பது ஓர் இடம், அதைச் சோதிப்பது வேறோர் இடம். சோதிக்கும் இடத்தில் இருப்பவர்களுக்கு நீ யார், எந்த நாடு, எந்த விசா என்று எதுவும் தெரியாது, தெரியத் தேவையும் இல்லை. முடிவு அவளிடம் வரும், அவள் எங்களைக் கூப்பிட்டு நேரே சொல்வாள். எங்கள் அனுமதி இல்லாமல் எங்கள் சொந்தக்காரருக்குக்கூட அவர்கள் ஒரு சொல் சொல்லமாட்டார்கள். சொந்தக்காரருக்குச் சொல்வது நாங்கள் செய்யவேண்டிய வேலை, அதில் மட்டும் தன்னால் தலையிட முடியாது என்றாள். எனக்கு எங்கள் ஊர்க் கோயில் திருவிழாதான் ஞாபகம் வந்தது. கொடியேற்றம் ஒருவரின் உபயம், தேர் இன்னொருவரின் உபயம், ஒருவரின் நாளில் மற்றவர் கை வைக்கமாட்டார். அரசாங்கத்திலும் அப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

பிறகு அவள் அழிறப்பரை எடுத்தாள். எங்கள் இரட்டைக் கோட்டிலிருந்து உனக்கு வந்த கோட்டை மெதுவாக அழித்தாள். எனக்கு நெஞ்சைப் பிடுங்கியதுபோல இருந்தது, உண்மையைச் சொல்கிறேன். பக்கத்தில் அக்காவுக்கு ஒரு வட்டம், உன் அப்பாவுக்கு ஒரு சதுரம், அதற்குள் அவர் இல்லை என்பதற்கு ஒரு குறுக்குக் கோடு. அவர்களுக்குக் கீழே உன்னைக் கீறினாள். "உன் அக்காவின் ரத்தம் அனுப்பிவைக்க முடியுமா?" என்று கேட்டாள். யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு கடிதமே வராத நேரம், ரத்தம் எங்கே வரும்? இல்லை என்று தலையாட்டினேன். அவள் பென்சிலால் உன் சதுரத்தைத் தட்டிக்கொண்டு யோசித்தாள். பிறகு, இந்தப் பையனின் ரத்தத்தைப் பார்ப்போம் என்றாள். இவனில் அந்தக் கூறு இருந்தால் அது பெரும்பாலும் உன் அக்காவிடமிருந்து வந்திருக்கும். உன் அக்காவுக்கும் உனக்கும் அது ஒரே இடத்திலிருந்து வந்தது. உன் புருஷனும் அதே குடும்பம். மூவரிலும் ஒரேமாதிரி இருக்கும் பக்கம்தான் பழுதான பக்கம் என்றாள். பார்த்தாயா மகன், நான் பெற்ற பிள்ளை என்று சொல்லித் தந்திருந்தால் உன் ரத்தம் எங்களைப் பிழையான பாதையில் விட்டிருக்கும். அக்கா மகன் என்று சொன்னதால் அதுவே வழிகாட்டியது. அக்காவால் வரமுடியாத இடத்துக்கு, நீ அவவின் ரத்தத்தைக் கொண்டு வந்திருந்தாய்.

நான் புறப்பட எழுந்தபோது மரியா, இரு என்றாள். எங்கள் இரட்டைக் கோட்டிலிருந்து உன் சதுரத்துக்குச் சாய்வாக, புள்ளி புள்ளியாக ஒரு கோடு இழுத்தாள். பெறாமல் வளர்ப்பவர்களுக்கு அந்தக் கோடு. அதுவும் வேண்டும், அதுவும் உண்மை என்றாள்.

வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தால், நீ படிக்கட்டில் சப்பாத்துப் போட்டுக்கொண்டு இருக்கிறாய். மேலே கோட். மடியில் உன் பள்ளிக்கூடப் பை. புத்தகங்கள் இல்லை, இரண்டு காற்சட்டை, ஸ்வெட்டர், உன் அப்பாவின் படம், பல் தூரிகை. "எப்ப வருவினம் சின்னம்மா?" என்று கேட்டாய். எனக்கு ஒரு நிமிஷம் விளங்கவில்லை. உன்னைக் கூட்டிப்போக வருவார்கள் என்று நினைத்து, காலையிலிருந்து அப்படியே இருந்திருக்கிறாய். சாப்பிடவும் இல்லை. இவர்களுக்குச் சொந்தப் பிள்ளை வரப்போகிறது, இனி நான் தேவையில்லை என்றும் நீ நினைத்திருந்தாய் என்று, நீ வளர்ந்த பிறகு ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னாய். எனக்கு அது சிரிப்பு இல்லை. அன்றைக்கு அந்தப் படிக்கட்டில் உன்னைக் கட்டிப்பிடித்து, "ஒருத்தரும் வராயினம் ராசா, ஒருத்தரும் வராயினம்" என்று சொல்லிச் சொல்லி உன் சப்பாத்தை நான்தான் கழற்றிவிட்டேன். கயிற்றை இறுக்கி இரட்டை முடிச்சுப் போட்டிருந்தாய்.

மிச்சத்தை நீ அறிவாய். உன்னில் அந்தக் கூறு இருந்தது. எடுத்த துணுக்கைச் சோதித்து, பிள்ளை எங்களைப் போலவே கூறு உள்ளவள், நோய் இல்லை என்று மரியா நேரே கூப்பிட்டுச் சொன்னாள். சித்தப்பா அவளுடைய கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார், அவள் பயந்தே போனாள். பிறகு மரியா சொல்லித்தான் ஒரு இலவச வக்கீலிடம் போனோம், உன் பேப்பர்களை நாங்களாகவே திருத்தக் கொடுத்தோம். கன நாள் காத்திருந்தோம், கன நித்திரை போனது, ஆனாலும் உன்னை அனுப்பவில்லை. சிவம் அண்ணை தன் மருமகளை அதே கிளினிக்குக்குக் கூட்டிப்போனது உனக்குத் தெரியுமா? "தங்கச்சி, அந்தச் சைப்ரஸ்காரியின்ரை பேர் என்ன?" என்று மெதுவாக வந்து கேட்டார். அந்தக் கதை எங்கள் தெருவில் எத்தனையோ குசினிகளுக்குள் போயிருக்கிறது. உன் தங்கச்சி துளசி இப்போது நோய்க்காரியைப் போலவா கத்துகிறாள்? ஒரு தெருவுக்கே கேட்கிறது.

மரியா ஒருநாள் சொன்னாள், தங்கள் நாட்டில் கலியாணத்துக்கு முன்பு கோயிலிலேயே இந்தச் சோதனைத் தாளைக் கேட்பார்களாம். தாளைப் பார்த்துக் கலியாணத்தைத் தடுப்பதற்கல்ல, இருவரும் தெரிந்துகொண்டு மணமேடை ஏறுவதற்கு. நாங்கள் சாதகம் பார்க்கிறோம். செவ்வாய் எங்கே நிற்கிறது என்று மாலினியின் அப்பா மூன்று சாத்திரியாரிடம் கேட்டார், நீயும் சிரித்துக்கொண்டே இருந்தாய். வானத்தில் நிற்பதைக் கேட்க வெட்கமில்லை, கைக்குள் ஓடுவதைக் கேட்க வெட்கமா? சொந்தம் இல்லாத பெண், பிறகு ஏன் சோதனை என்று நீ நினைக்கலாம். இந்தக் கூறு சொந்தம் பார்த்து வருவதில்லை, சொந்தத்துக்குள் கொஞ்சம் கூடுதலாகச் சந்திக்கிறது, அவ்வளவுதான். அவளிடம் இல்லையென்றால் ஒரு குப்பி ரத்தத்தோடு கதை முடிந்தது. இருந்தால், அந்தக் கிளினிக்கின் கதவு இருக்கிறது, அதற்குள் மரியாவைப் போல ஒருத்தி இருப்பாள், இப்போது நேரடியாகவே வாசிக்கிறார்களாம், ஊரெல்லாம் ரத்தம் சேர்க்கத் தேவையில்லையாம். பயந்தவர்கள் நாங்கள். உனக்கு அந்த வழி திறந்தே கிடக்கிறது. மாலினி பயந்து ஓடிவிடுவாள் என்றால் இப்போதே ஓடட்டும். ஆனால் அந்தப் பெண்ணை எனக்குத் தெரியும். அவள் உன்னைப் பேசுவாள், ஏன் முதலே சொல்லவில்லை என்று. அதைத் தாங்கிக்கொள்.

பன்னிரண்டு வயதில் நாடே போய்விடும் என்று தெரிந்துகொண்டு உண்மையைச் சொல் என்று சொன்ன பிள்ளை நீ. இருபத்துநாலு வயதில் ஒரு பெண்ணிடம் ஒரு வார்த்தை சொல்லப் பயப்படுகிறாயா? அந்தப் பையன் எங்கே மகன்? அவனை நான் இன்னும் படிக்கட்டில் சப்பாத்தோடு இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கிறேன். அவனை அனுப்பு.

இந்த ஞாயிற்றுக்கிழமையே அவளிடம் சொல்லு. தேவை வந்தால் இருவரும் சேர்ந்து கிளினிக்குக்குப் போங்கள், ஒருவருக்காக மற்றவர் கதைக்காமல். அங்கே ஒரு பெரிய கடதாசியை விரிப்பார்கள். உன்னைக் கீறும்போது அக்காவுக்குக் கீழே கீறச் சொல்லு, அதுதான் உண்மை, அதில்தான் உன் பிள்ளைகளுக்கு வழி இருக்கிறது. கீறி முடிந்தது என்று பென்சிலை வைத்துவிடுவார்கள், அவர்களுக்கு ரத்தம்தானே வேண்டும். நீ எழும்பிவிடாதே. பக்கத்தில் ஒரு இரட்டைக் கோடு கீறச் சொல்லு. அதிலிருந்து உன் வரைக்கும் அந்தப் புள்ளிக் கோட்டையும் கேட்டுக் கீறுவித்துக்கொண்டு வா.

சின்னம்மா